துறைமுகம் வரை ஒரு ட்ரையல்

அத்தியாயம் பதினான்கு

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கலைமதியும் பிரவீனும் ஒரே நாளில் லீவு போட்டது அந்த வெள்ளிக்கிழமைதான். அதுவும் எதற்கு? கப்பலில் போவதற்கு அல்ல. கப்பல் நிற்கிற இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியுமா என்று பார்ப்பதற்கு.

கேட்டால் சிரிப்பார்கள் என்று கலைமதி யாரிடமும் மூச்சு விடவில்லை. சுகப்பிரியாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து வைத்துக்கொள்ள வேண்டுமே என்று வடக்குப்பட்டில் இருக்கிற நாத்தனார் பூமாரியிடம் மட்டும் சொன்னாள். பூமாரி சிரிக்கவில்லை. டிக்கெட்டே வாங்காத கப்பலுக்கு எதற்கு அவ்வளவு தூரம் என்று போனில் கேட்டாள். பதில் வருவதற்குள் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்துவிட்டது. கலைமதி தப்பித்தாள்.

போன வாரம் படப்பைக் கல்யாண மண்டபத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்குக் காத்திருந்த நேரத்தில், பிரவீனின் சூப்பர்வைசர் அந்தோணிராஜ் பக்கத்து இலையிலிருந்து சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார். "பிரவீனுக்கு ரெண்டு தடவை ஜெனரல் ஷிஃப்ட் குடுத்தோம்மா. வேணாம்னுட்டான். நைட்டே போதுமாம்." அவருக்கு அது பேச்சுக்குப் பேச்சு. பாயசம் வந்ததும் மறந்துபோனார். கலைமதி பாயசத்தைத் தொடவே இல்லை.

ஏனென்றால் இந்த வீட்டில் நைட் ஷிஃப்ட் என்பது ஒரு கட்டாயம் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். குழந்தை சின்னதாக இருந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் காலை ஷிஃப்ட். அவனுக்கு ஒரகடத்தில் ராத்திரி ஷிஃப்ட். அவன் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரத்துக்கு அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறுவாள். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் குழந்தை கைமாறும், சாவி கைமாறும், சட்னி இருக்கா தீர்ந்துபோச்சா என்கிற தகவல் கைமாறும். அந்தப் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. யாரும் இதை ஒரு குறையாகச் சொல்வதில்லை.

ஆனால் சுகப்பிரியா இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கட்டாயம் தீர்ந்து வெகு நாளாகிறது. அப்படியும் ஒரு மனுஷன் ராத்திரியில் வீட்டில் படுக்க மாட்டேன் என்கிறான் என்றால், யாரோடு படுக்க மாட்டேன் என்கிறான்?

இந்தக் கேள்வியைக் கலைமதி ஒரு வாரமாக வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தாள். அதற்கு அவளுக்குள் ஒரு பதிலும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐந்தாம் மாதத்தில், ஒரு ராத்திரியில் கலைந்துபோன இரண்டாவது குழந்தைதான் அந்தப் பதில். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்திருந்தால் தங்கியிருக்கும் என்று பூமாரி அப்போது வாய்விட்டே சொன்னாள். பிரவீன் சொல்லவில்லை. சொல்லாதவன் மனசுக்குள் அதையேதான் வைத்திருக்கிறான் என்பது கலைமதியின் முடிவு. அந்த ராத்திரியைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

கப்பல் யோசனை அவளுடையது. கம்பெனியில் ஒரே உற்பத்தி லைனில் அவளோடு வேலை பார்க்கிற சந்தனமாரி புருஷனோடு சென்னைத் துறைமுகத்திலிருந்து இரண்டு ராத்திரி கப்பலில் போய்விட்டு வந்து, படங்களைக் காட்டிக் காட்டி எல்லோர் வயிற்றெரிச்சலையும் வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் கப்பலின் விளக்கையும் நீச்சல் குளத்தையும் பார்த்தார்கள். கலைமதி பார்த்தது வேறு. கப்பலில் ஷிஃப்ட் கிடையாது. கம்பெனி பஸ் கிடையாது. இரண்டு ராத்திரி அவன் அவள் பக்கத்தில் படுத்தாக வேண்டும், இல்லையென்றால் கடலில் குதிக்க வேண்டும். அவனுக்கு நீச்சலும் தெரியாது.

கேட்டபோது பிரவீன் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவன் எதற்கும் நேராக மாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை. "ரெண்டு மணிக்கு மேல கேட்டைச் சாத்திடுவானாமே. படப்பைல இருந்து போய்ச் சேர முடியுமா? மொதல்ல ஒரு ட்ரையல் போட்டுப் பாக்கலாம். அப்பறம் புக் பண்ணிக்கலாம்" என்றான்.

வேறு ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒரகடம் பக்கத்தில் இது இயல்பான பேச்சு. புது மிஷின் வந்தால் ட்ரையல், புது அச்சு வந்தால் ட்ரையல், கேன்டீனுக்குப் புது சாம்பார்க்காரர் வந்தால் அவருக்கும் ஒரு வாரம் ட்ரையல். அதே கிழமை, அதே நேரம், அதே ஆட்கள் என்று ஓட்டிப் பார்த்து, சரியாக வந்தால்தான் அடுத்த பேச்சு. அதனால் கப்பல் கிளம்புகிற வெள்ளிக்கிழமையாகப் பார்த்து இரண்டு பேரும் லீவு எழுதிக் கொடுத்தார்கள்.

கலைமதியும் தனக்குள் ஒரு ட்ரையல் வைத்திருந்தாள். அது பிரவீனுக்குத் தெரியாது.

அவளுடைய மேனேஜர் எழிலரசன் ஓசூரில் புது லைன் ஆரம்பிக்கிறார். லைன் லீடராக வருகிறாயா, தங்க இடம் கம்பெனியே தரும், குழந்தைக்கு அங்கேயே பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். கலைமதி இப்படி முடிவு கட்டினாள்: துறைமுக வாசல் வரைக்கும் அவன் வந்து, 'புக் பண்ணிடு கலை' என்று அவன் வாயால் சொன்னால் ஓசூர் இல்லை. வழியில் எங்கேயாவது பின்வாங்கினால், குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஓசூர்.

பாவம், பரீட்சை எழுதுகிறவனுக்கு அது பரீட்சை என்றே தெரியாது.

*

காலையில் பிரவீன் நைட் முடித்துவிட்டு வந்தான். முந்தின ராத்திரியும் லீவு போட்டிருக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, போகிற அன்றைக்கும் நைட் முடித்துவிட்டுத்தானே வரவேண்டும், அதே மாதிரி இருந்தால்தான் ட்ரையல் என்று பதில் வைத்திருந்தான். கப்பலுக்குப் போகிற முந்தின ராத்திரிகூட வீட்டில் இருக்கமாட்டானாம். அவள் அதையும் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அவன் குளித்துவிட்டு, தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. பையில் துணி எடுக்கட்டுமா என்று கேட்டான்.

"எதுக்கு மாமா?"

"பை தூக்கிகினு நடக்க எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாக்க வேணாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை கோபத்திலும் வந்தது. இந்த ஆளை இதற்காகத்தான் ஒரு காலத்தில் பிடித்திருந்தது என்று நினைத்துக்கொண்டாள். பழைய போர்வை ஒன்றையும் இரண்டு செட் துணியையும் பையில் திணித்தார்கள். கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுக்கார அம்மா, எங்கே ரெண்டு பேரும் ஜோடியாக என்று அதிசயப்பட்டுக் கேட்டதற்கு, ஒரு விசேஷம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள்.

படப்பையில் பஸ் கூட்டமாகத்தான் வந்தது. முடிச்சூர் தாண்டும் வரை ஊர்ந்தது. பிரவீன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக மணி பார்த்தான். சரியாகத்தான் போகிறது, இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் அவளிடம் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி ரொம்ப நாளாயிற்று. அத்தனையும் பஸ்ஸைப் பற்றி.

தாம்பரத்தில் பீச் ஸ்டேஷன் போகிற ரயில் தயாராக நின்றது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பல்லாவரம் தாண்டியதும் கேட்டுவிடுவது என்று கலைமதி நினைத்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்பதைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். சண்டை போடக்கூடாது, அழக்கூடாது, அந்தோணிராஜ் அண்ணன் இப்படிச் சொன்னாரே, ஏன் மாமா என்று மட்டும் கேட்க வேண்டும்.

ஆனால் ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உட்கார்ந்த வண்டி நகர்ந்தால் போதும், கண் தானாக மூடிக்கொள்ளும். கம்பெனி பஸ்ஸில் தினமும் தூங்கித் தூங்கி வந்த பழக்கம். இறங்க வேண்டிய இடம் வந்தால், எல்லோரும் எழுந்திருக்கிற சத்தத்தில் முழிப்பு வந்துவிடும். போதாததற்கு, முந்தின ராத்திரி ஓசூரையும் துறைமுகத்தையும் மாற்றி மாற்றி யோசித்துக் கலைமதி ஒரு பொட்டுகூடத் தூங்கவில்லை. பல்லாவரம் வந்ததும் அவளுக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

*

கண் விழித்தபோது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலை பிரவீனின் தோளில் இருந்தது. சட்டென்று நிமிர்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஜன்னலில் மாம்பலம் என்ற பலகை போயிற்று. நல்லவேளை, இன்னும் தூரம் இருக்கிறது, கேட்டுவிடலாம் என்று தொண்டையைச் செருமினாள்.

அடுத்து சைதாப்பேட்டை வந்தது.

மாம்பலத்துக்குப் பிறகு எப்படி சைதாப்பேட்டை வரும்? அவள் எதிர் ஜன்னலைப் பார்த்தாள். வெயில் பக்கம் மாறியிருந்தது. எதிர் சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் புது ஆட்கள்.

"மாமா, ரயில் எங்க போவுது?"

பிரவீன் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தான். "தாம்பரத்துக்கு" என்றான்.

பீச்சுக்குப் போய், அங்கே நின்று, கூட்டம் இறங்கி, வேறு கூட்டம் ஏறி, அதே ரயில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவனும் தூங்கிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். நைட் முடித்துவிட்டு வந்தவன், தூங்காமல் என்ன செய்வான் என்று அவனுக்காக அவளே சமாதானம்கூடச் சொல்லப் போனாள்.

"நான் தூங்கல" என்றான் பிரவீன். "முழிச்சிகினுதான் இருந்தேன்."

"முழிச்சிகினு இருந்தியா? பீச் வந்தப்ப?"

"ம்."

"அப்பறம் இன்னாத்துக்கு என்னய எழுப்பல?"

அவன் வாரைத் திருகுவதை நிறுத்தினான். நீ நல்லா தூங்கிகினு இருந்த, எழுப்ப மனசு வரல என்று முணுமுணுத்தான்.

கலைமதிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இவனுக்குப் போகவேண்டும் என்ற எண்ணமே இல்லை. ட்ரையல் என்பது தள்ளிப்போடுகிற சாக்கு. மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லாமல் ரயிலையே திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவள் தூங்கியதைப் பார்த்து மனசு வரவில்லையாம். தினம் ராத்திரி வீட்டில்தானே தூங்குகிறாள். அங்கே வந்து பார்க்க யார் வேண்டாம் என்றார்கள்?

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு போனை எடுத்தாள். எழிலரசனுக்கு ஒரே வரி அனுப்பினாள். 'ஓசூர் விஷயமா பேசணும் சார், ஃப்ரீயா இருக்கும்போது கூப்பிடுங்க.' அனுப்பிய பிறகு வருத்தம் வரவில்லை. ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்தது ஒரு பக்கமாக முடிந்ததே என்றுதான் இருந்தது.

கிண்டி வந்ததும் பிரவீன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"எறங்கு கலை. திரும்பப் போலாம்."

"வேணாம். வூட்டுக்குப் போலாம்."

அவன் கேட்கவில்லை. இறங்கிவிட்டான். ஒரு கையில் பையும் ஒரு கையில் அவளுடைய தண்ணீர் பாட்டிலுமாக பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அவளையே பார்த்தான். ரயில் கிளம்பப் போகிற நேரத்தில் அவளும் இறங்கினாள். எதற்கு இறங்கினோம் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. சாவி அவனிடம்தான் இருக்கிறது என்று மனசுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

படியேறி, எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய், பீச்சுக்குப் போகிற அடுத்த ரயிலில் ஏறினார்கள். இந்தத் தடவை உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றார்கள். எழும்பூரில் இடம் காலியானது. உட்காருகிறாயா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

*

பீச் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே துறைமுகத்து மதில். மதிலுக்கு மேலே கிரேன்களின் தலை தெரிந்தது. இவ்வளவு கிட்டத்திலா இருக்கிறது என்று கலைமதிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் கப்பல் பயணிகளை எந்த வாசலில் விடுவார்கள் என்று விசாரித்ததில் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். ஓர் ஆட்டோக்காரர் தெரியும் என்று ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கிற வாசலில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். லாரிப் புகையில் பிரவீனின் நீலச் சட்டை கழுத்துப் பக்கம் கறுத்துவிட்டது.

சரியான வாசலைக் கண்டுபிடித்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

வாசல்காரர் டிக்கெட்டைக் கேட்டார். டிக்கெட் இல்லை, இனிமேல்தான் புக் பண்ணணும், வந்து சேர முடியுதான்னு ட்ரையல் பார்க்க வந்தோம் என்று பிரவீன் விளக்கினான். அவர் இருவரையும், பையையும், மறுபடி இருவரையும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ட்ரையலுக்கு வந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு என்ன தோன்றியதோ, எல்லாரும் உள்ளே போயாச்சு, இப்ப வந்தா கப்பல் கிடைக்காது, முன்னாடியே வந்துடுங்க என்று நல்லபடியாகச் சொல்லி, மதில் நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்.

உட்கார்ந்தார்கள். பிரவீன் பையிலிருந்த போர்வையை மடித்து அவளுக்குப் போட்டான். அவள் அதில் உட்காராமல் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மொத ரயில்லயே எறங்கியிருந்தா வந்திருக்கலாம். டைம் தாராளமா இருந்துச்சு" என்றான் அவன்.

"ஆமா. எழுப்பியிருந்தா வந்திருக்கலாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இதற்கு மேல் எதற்குச் சுற்றி வளைப்பது என்று கலைமதிக்குத் தோன்றிவிட்டது. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"மாமா, உனக்கு ரெண்டு தடவை ஜெனரல் ஷிஃப்ட் குடுத்தாங்களாமே. நீதான் வேணாம்னியாமே."

அவன் நிமிர்ந்து பார்த்தான். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"எங்கூட ஒரே வூட்ல படுக்கப் புடிக்கலன்னா நேரா சொல்லிடு. என்னாலதான் கொழந்த போச்சுன்னு நீயும் உங்க அக்காவும் நெனச்சா, அதையும் சொல்லிடு. நான் தாங்கிக்குவேன். இப்படி தெனம் ராத்திரி பஸ் ஏறிப் போய்டுறியே, அதத்தான் தாங்க முடில."

அழக்கூடாது என்று வந்தவள்தான். கண்ணிலிருந்து கொட்டிவிட்டது. போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிரவீன் லாரிகள் நிற்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேசினான். அவள் எதிர்பார்த்த எதையும் அவன் பேசவில்லை.

"அன்னிக்கு என் போன் லாக்கர்ல இருந்துச்சுன்னு நீ நெனச்சிகினு இருக்க."

ஆமாம், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அன்று ராத்திரி வலி வந்து, ரத்தம் போக ஆரம்பித்ததும், அவள் திரும்பத் திரும்ப அவனைத்தான் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கீழ்வீட்டு அம்மாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பூட்டி வைத்த போனை அவன் எப்படி எடுப்பான் என்று அப்போதே மனசைத் தேற்றிக்கொண்டவள் அவள். அந்த ஒரு விஷயத்தில் அவன் மேல் அவளுக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

"சாப்பாட்டு பிரேக்ல போய் லாக்கரைத் தொறந்தேன் கலை. உன் கால் வந்துச்சு. என் கையிலதான் அடிச்சிச்சு."

அவள் அழுகை நின்றுவிட்டது.

"அன்னிக்கு சாயங்காலம் நாம சண்டை போட்டோமே, நீ வேலைய வுடுன்னு நான் கத்தினேனே, ஞாபகம் இருக்குதா? நீ மறுபடியும் சண்டை போடத்தான் கூப்புடுறன்னு நெனச்சேன். சைலண்ட்ல போட்டு உள்ள வெச்சிட்டேன். வெச்சிட்டு வந்து சாப்ட்டேன். சிரிச்சிப் பேசிகினு சாப்ட்டேன்."

அவன் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"அந்த ரூம்ல ராத்திரி படுத்தா போன் அடிக்கிற மாதிரியே கீது. நீ பக்கத்துல திரும்பிப் படுத்தாகூட எந்திரிச்சி உக்காந்துடுவேன். ஜெனரல் ஷிஃப்ட் வாங்கினா தெனம் அங்கதான் படுக்கணும். அதான் வேணாம்னேன். உன்மேல எனக்கு இன்னா கோவம்? என்னப் பாத்துத்தான் எனக்கு பயம்."

"அப்ப இன்னிக்கு எதுக்கு எழுப்பல?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"ரெண்டு வருசம் ஆச்சு, நீ நிம்மதியா தூங்கி நான் பாத்து. பகல்ல, வெளிச்சத்துல, மூச்சு சீரா வந்துச்சு. உனக்கு ஒண்ணும் ஆவல. எழுப்பினா எந்திரிச்சி நகந்து உக்காந்துடுவன்னு தோணிச்சு. இன்னும் ஒரு ஸ்டேஷன், இன்னும் ஒரு ஸ்டேஷன்னு வுட்டுட்டேன். பீச் வந்தது, வண்டி திரும்பினது எல்லாம் தெரிஞ்சிது. தப்புதான்."

இரண்டு வருஷமாக அவள் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தாள். பூமாரி பேசியதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். லைனில் நின்றதால்தான் போயிற்றோ, அன்றைக்கு ஓவர்டைம் பார்த்ததால்தான் போயிற்றோ என்று குமைந்தாள். இத்தனைக்கும் இந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. தன் தப்பைத் தான் தனியாகச் சுமக்கிறேன் என்று ராத்திரி ஷிஃப்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான். அவள் தப்பே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாலும் குழந்தை தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாரே, அதையாவது அவனிடம் சொல்ல அவளுக்கு யார் வாய்ப்பு கொடுத்தார்கள்?

அவனை அறையவேண்டும் போலிருந்தது. அந்தக் கறுத்துப்போன காலரைப் பிடித்து இழுத்து, தலையைத் தன் மடியில் வைத்து, தூங்குடா என்று சொல்லவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் ஒரு பெண்ணுக்குத் தோன்றுமா என்று கேட்டால், கல்யாணமான யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கப்பலின் சங்கு நீளமாக ஒலித்தது. வாசல்காரர் எழுந்து நின்று இவர்களைப் பார்த்துக் கையசைத்தார். கப்பல் கிளம்பத் தயாராகிறதாம், அதைச் சொல்கிறார்.

"புக் பண்ணிடு கலை" என்றான் பிரவீன். "ராத்திரி எந்திரிச்சி உக்காந்துகினு இருப்பேன். பரவால்லன்னா புக் பண்ணிடு."

காலையிலிருந்து அவள் எதற்காகக் காத்திருந்தாளோ அந்த வார்த்தை. அவன் வாயாலேயே வந்துவிட்டது. தான் வைத்த பரீட்சைப்படி ஓசூர் முடிந்த கதை. ஆனால் பரீட்சை வைத்தபோது இந்தக் கேள்வித்தாள் அவள் கையில் இல்லையே. அடித்த போனைக் கையில் பார்த்துவிட்டு உள்ளே வைத்தவனோடு கப்பலேறுவதா, அதை மறைத்ததற்காக ஓசூருக்கு பஸ் ஏறுவதா, இல்லை இன்றைக்காவது சொன்னானே என்று அவன் கையைப் பிடித்துக்கொள்வதா? எதுவும் அவளுக்குத் தெளியவில்லை.

அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. எழிலரசன் சார் என்று திரையில் எழுத்து ஓடியது.

அவள் அதைக் கவிழ்த்தாள். திரையில் இருந்த பேரைப் பிரவீன் பார்க்கவில்லை. யார் என்றும் கேட்கவில்லை. ஆனால் போன் அடிக்கிற சத்தத்துக்கு அவன் முகம் வெளுத்துப் போனதை அவள் பார்த்தாள். விரல்கள் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தன. ராத்திரியில் அந்த அறையில் படுத்தால் அவனுக்குக் கேட்கிற சத்தம் எப்படியிருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்துபோயிற்று.

போன் நிற்காமல் அடித்தது.

"எடு கலை" என்றான் அவன். "யாரா இருந்தாலும் எடுத்துடு. அடிக்கிற போனை எடுக்காம வுடாத."

என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே கலைமதி போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க சார்" என்றாள்.